எனக்கு மட்டும் ஒரு சேர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று சுங்கைப் பட்டாணியில் யாரிடம் சொன்னாலும் கண்கள் விரியும். எந்த நாடு என்று ஆவலாகக் கேட்பார்கள். இந்தியா என்றதும் அந்த ஆவல் பாதியாகும். தமிழ்நாடு என்றதும் மிச்சமும் போய்விடும். "அது வெளிநாடா? நம்ம ஊருதானே" என்றார் எதிர்வீட்டு அத்தை. எனக்கும் அதே நினைப்புத்தான். மலேசியாவில் பிறந்தாலும் தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். மேடையேறித் தமிழில் பேசிக் கோப்பை வாங்கியவள். தமிழ்நாட்டில் போய்ப் பழகிக்கொள்ள என்ன இருக்கிறது, விமானத்தை விட்டு இறங்கினால் வேலை முடிந்தது என்று பெட்டியைக் கட்டினேன்.

கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் சென்னை என்றுதான் சொல்லியிருந்தார். கல்லூரி இருந்தது திருவள்ளூர்ப் பக்கம். சென்னையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்தும் மின்சார ரயில் ஏறித்தான் போக வேண்டும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நான் படிக்க வந்தது பிசியோதெரபி. சுற்றிலும் தொழிற்சாலைகள், பாரம் தூக்குகிறவர்கள், நாளெல்லாம் நின்றபடி வேலை செய்கிறவர்கள். முதுகுவலிக்கும் தோள்வலிக்கும் இங்கே பஞ்சமே இல்லை, கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று முதல் வாரமே அப்பாவிடம் ஃபோனில் அளந்தேன். ஏர்கான் பழுது பார்க்கிற அப்பாவுக்குத் திருவள்ளூரும் ஒன்றுதான், சென்னையும் ஒன்றுதான். மகள் சிரித்துப் பேசுகிறாளா என்பது மட்டும்தான் அவருக்குக் கணக்கு.

கல்லூரி விடுதியில் இடம் இல்லை. செவ்வாப்பேட்டையில், ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு வீட்டின் மாடி அறை கிடைத்தது. கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரம்மா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் இருப்பார், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கம்பி ஆலையில் வேலை. ஷிப்டுக்குத் தகுந்தபடி கம்பெனி வேன் மெயின் ரோட்டில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அக்காவின் கணவர் எப்படி அண்ணன் ஆவார் என்று எங்கள் ஊரில் என்றால் கிண்டல் செய்திருப்பார்கள். இங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் நான் கேட்டைத் திறந்ததுமே அக்கா உள்ளே ஓடினார். ஒரு நீலப் பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்தார். முந்தானையால் ஒரு துடை துடைத்து, ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே போட்டு, "உக்காருங்க மா" என்றார். உட்கார்ந்தேன். மரியாதை தெரிந்த வீடு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பூப்போட்ட பீங்கான் கோப்பை ஒன்று ஷோகேஸிலிருந்து இறங்கி, கழுவப்பட்டு, காப்பியோடு வந்தது. அவர்கள் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார்கள். முதல் நாள்தானே என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளும் சேர் வந்தது. ஒரு மாதம் ஆன பிறகும் வந்தது. சாயங்காலம் தெருப்பெண்கள் அக்கா வீட்டு வாசலில் கூடுவார்கள். கீரை ஆய்வார்கள், பூ கட்டுவார்கள், ஊர் நியாயம் பேசுவார்கள். மாடியில் உட்கார்ந்து எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிற எனக்குக் கீழே கேட்கிற சிரிப்பு தாங்காது. இறங்கிப் போவேன். என் தலையைக் கண்டதும் அக்கா மகளிடம், "ஏய், போய் சேர எட்த்துனு வா" என்பார். எல்லோரும் சிமென்ட் தரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் நான் மட்டும் சேரில் உட்கார்ந்து அவர்களுடைய உச்சி வகிடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவரை யாரோ மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள், நான் உட்கார்ந்ததும் குரலை மாற்றிக்கொண்டு, "மலேசியாவுல மழை பெய்யுமா மா?" என்று கேட்பார்கள். பெய்யும் என்பேன். பிறகு எல்லோரும் கீரையைப் பார்ப்போம்.

பேச்சு இன்னொரு கூத்து. அவர்களுக்குள் பேசும்போது "இன்னா", "ஊடு", "போய்க்கினு வந்துகினு" என்று ரயில் வேகத்தில் போகும். முதல் வாரம் தடுமாறினேன், இரண்டாவது மாதம் பாதி சிரிப்புகள் எனக்கே புரிந்துவிட்டன. ஆனால் என்னிடம் திரும்பியதும் வேகம் குறைந்துவிடும். "தங்கச்சி... உங்களுக்கு... ரசம்... ஊத்தட்டுமா?" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார்கள். அண்ணாவுக்கு இன்னொரு நம்பிக்கை. சத்தமாகச் சொன்னால் மலேசியாக்காரிக்குப் புரியும் என்று என்னிடம் மட்டும் கத்திப் பேசுவார். நான் பேசுவதும் தமிழ்தான் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஆமா மா, ரொம்ப நல்லா பேசறீங்க" என்று பாராட்டுவார்கள். தாய்மொழியைப் பேசியதற்குப் பாராட்டு வாங்கினால் கோபம் வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் சேர் வருவதற்கு முன்பே குடுகுடுவென்று போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் எல்லோரும் பதறிப் பாதி எழுந்துவிட்டார்கள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து எழுப்பி, பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, சேரில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார். சாப்பிட்ட தட்டை நான் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வார். பண்டிகை நாளில் எனக்கு முதலில் இலை போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை சுற்றி நின்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் அவர்கள் குடும்பமாக உட்காருவார்கள். அண்ணாவுக்குத் தோள்பட்டை இறுகிப் போய் கையைத் தூக்க முடியாமல் இருந்தது. துண்டை வைத்துச் செய்கிற பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தேன், நன்றாகக் கேட்டது. மறுநாளே மாடிக்கு ஒரு தட்டு வஞ்சிர வறுவல் வந்தது. நான் எதைக் கொடுத்தாலும் கையோடு அதற்கு ஈடு வந்துவிடும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால், "நல்லாத்தானே பார்த்துக்கிறாங்க, உனக்கென்ன குறை?" என்பார். அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் நான் தனியாக இருந்தேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கல்லூரியில் தோழிகள் இருந்தார்கள், சாயங்காலமானால் அவரவர் ரயிலில் திருநின்றவூர், ஆவடி என்று இறங்கிப் போய்விடுவார்கள். வீடு என்று நான் திரும்பி வந்த இடத்தில் நான் விருந்தாளியாகவே இருந்தேன். எங்கள் ஊர் வீட்டில் அம்மா, கட்டிலில் ஈரத்துண்டு போட்டதற்குக்கூட அரைமணி நேரம் திட்டுவாள். இங்கே ஒருநாள் ராத்திரி மாடிக் குழாயை மூட மறந்து தூங்கிப்போய்விட்டேன். காலையில் டேங்க் காலி. அண்ணா ஷிப்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும், வீட்டில் பல் விளக்கத் தண்ணீர் இல்லை. அக்கா தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மா, நீங்க போய் படிங்க" என்று சிரித்தார். அதே தப்பை அவர் மகள் செய்திருந்தால் முதுகுத்தோலை உரித்திருப்பார். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

இப்படியே முதல் வருஷம் முடிந்தது. தேர்வுகளை நன்றாகவே எழுதினேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தச் சமயத்தில்தான் அப்பா கூப்பிட்டார். எங்கள் ஊரிலேயே ஒரு கல்லூரியில் அதே படிப்புக்கு ஓர் இடம் இருக்கிறதாம். படித்த முதல் வருஷத்தையும் எடுத்துக்கொள்வார்களாம். மாதக் கடைசிக்குள் பதில் சொன்னால் போதும். "உன் குரலே சரியில்லைம்மா. கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்காதே, வந்துடு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் வாய் சொன்னது. மனசு அப்போதே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டது.

அக்காவிடம் சொல்லாமல் முடிவு செய்யக் கூடாது என்று கீழே போனேன். அவர் தன் தங்கையின் கல்யாணத்துக்காக ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். எளாவூர் அவர் பிறந்த ஊர், கல்யாணமும் அங்கேதான். என்னைக் கண்டதும் சேரை எடுக்க எழுந்தார். நான் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். அங்கேயே படிக்கப் போறேன்."

"இன்னாத்துக்கு மா? நாங்க எதுனா குறை வெச்சோமா?"

"ஒரு குறையும் வைக்கலக்கா. அதான் பிரச்சினையே."

அவருக்குப் புரியவில்லை. எனக்கோ, வாயைத் திறந்தால் நடுவில் மூடத் தெரியாது. ஒரு வருஷத்துக் கோபத்தையும் அந்தத் தையல் மெஷின்மேல் கொட்டினேன். "எல்லாரும் தரையில உட்கார்றீங்க, எனக்கு மட்டும் ஒரு சேர். எல்லாரும் டம்ளர்ல குடிக்கிறீங்க, எனக்கு மட்டும் ஒரு கப். என் தட்டை நான் கழுவக் கூடாது. டேங்க் காலியானப்பகூட ஒரு வார்த்தை திட்டல. எனக்குன்னு தனியா ஒரு தமிழ் வேற பேசுறீங்க. ஒரு வருஷமா விருந்தாளியாவே உட்கார்ந்திருந்தா மனுஷிக்கு மூச்சு முட்டாதா? என்னை உங்க கூட சேர்த்துக்கப் பிடிக்கலன்னா நேரா சொல்லிடலாம்."

அக்கா துணியை மெஷினிலிருந்து உருவினார். ஊசியிலிருந்து நூலைக் கடித்து எடுத்தார். பிறகு பேசியபோது, எனக்காக வைத்திருந்த அந்த மெதுத்தமிழ் இல்லை. தெருப்பெண்களிடம் பேசுகிற பேச்சே வந்தது.

"எங்கம்மா எளாவூர்ல அடுத்தவங்க கழனில நடவு நட்டுகினு இருந்தவங்க மா. கூலி வாங்கப் போனா வாசல்ல நிக்கணும். கூடவே நானும் நின்னுகினு இருப்பேன். வெயிலா இருந்தாலும் சரி, மழையா இருந்தாலும் சரி, உக்காருன்னு ஒருத்தர் சொன்னதில்ல. திண்ணக் கெடக்கும் காலியா, நம்ம அதுல குந்தக் கூடாது. இவரு கம்பெனில சேந்து இந்த ஊடு கட்னப்போ, ஃபேனு கட்டிலு எல்லாம் அப்பால தான் வாங்கினோம். மொதல்ல வாங்கினது சேரு. வெளியிலேர்ந்து என் ஊட்டுக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் நிக்கக் கூடாது, தரையில உக்காரக் கூடாது. அத்த நீங்க தப்பா எட்த்துக்கினா நான் இன்னா பண்றது, சொல்லுங்க."

தையல் மெஷினிலிருந்து கையை எடுத்தேன். கோபம் இறங்கிவிட்டது. இவ்வளவு நாளும் என்னைத் தள்ளி வைக்கிறார்கள் என்று நினைத்த காரியத்தை அவர் எத்தனை ஆசையோடு செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. ஆனால் அதனால் என் தனிமை குறைந்துவிடவில்லை. அவரால் சேர் போடாமல் இருக்க முடியாது, என்னால் அதில் உட்கார்ந்திருக்க முடியாது. போவதுதான் சரி என்று தோன்றியது.

"கல்யாணம் முடிஞ்சதும் போங்க மா. அது வரிக்கும் இருங்க" என்றார் அக்கா. இருக்கிறேன் என்றேன். அப்பாவுக்கு ஃபோன் போட்டு, கல்யாணம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். கல்யாணத்தன்றே அந்தக் கல்லூரிக்கு உறுதி சொல்லிவிடுவதாக அப்பா சொன்னார்.

எளாவூரில் கல்யாண மண்டபம் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. மேளக்காரர் ஒரு அடி அடித்தால் லாரிக்காரர் ஒரு ஹாரன் அடிப்பார். மாப்பிள்ளை வீட்டார் ஆந்திர எல்லையைத் தாண்டி இருக்கிற தடாவிலிருந்து இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். காலையில் முகூர்த்தம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். நான் பட்டுப்பாவாடை தாவணியில் போயிருந்தேன். போனதுமே அக்கா என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், முதல் வரிசையில், வெள்ளைத் துணி போர்த்திய பெரிய சோபாச் சேரில் உட்கார வைத்தார். எதிரே மேடை, தலைக்குமேல் மின்விசிறி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு நாளில் விமானம் ஏறப் போகிறவள், இதோடு முடியட்டும் என்று கைகட்டி உட்கார்ந்தேன்.

ரிசப்ஷன் பாதி போய்க்கொண்டிருந்தபோது அண்ணா வேகமாக நடந்து வந்து அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்காவின் முகம் மாறிவிட்டது. பரிமாறுகிறவர்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வேனில் வர வேண்டும். வழியில் ஒரு டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டதாம், பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிட்டனவாம், வேன் அதற்குள் மாட்டிக்கொண்டு நகர முடியவில்லையாம். சமையல் எல்லாம் தயார். இலை போட்டு ஜனம் உட்கார்ந்தாகிவிட்டது. பரிமாறத்தான் ஆளில்லை. "யாரு கெடைக்கிறாங்களோ அவங்கள எறக்குங்க" என்று அக்கா சொன்னது என் காதில் விழுந்தது.

நான் எழுந்தேன். தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். "நீங்க போய் உக்காருங்க மா" என்று அண்ணா வழக்கம்போலக் கத்தினார். "முடியாதுண்ணா" என்று அவரைவிடச் சத்தமாகக் கத்திவிட்டு வடைத் தட்டைத் தூக்கினேன். பரிமாறுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா அன்னதானம் என்றால் சின்ன வயசிலிருந்தே நான்தான் முன்னால் நிற்பேன். வாசலில் ஆரம்பிக்க வேண்டும், கையும் காலும் நிற்காமல் நேர்கோட்டில் போக வேண்டும். அன்றைக்கும் வாசலில் ஆரம்பித்தேன். இனிப்பு வைத்தவர், பிரிஞ்சிசாதத்தைத் தூக்கி வந்தவர் எல்லோரும் நான் போன வழியிலேயே என் பின்னால் வந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் கைகளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. நான் பறந்துகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எளாவூர்க்காரர்கள், பெண் வீட்டுச் சொந்தங்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். உள்பக்கச் சுவரோரம், மின்விசிறிகளுக்குக் கீழே, நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். முதல் கவளம் அவர்கள் வாயில்தான் விழ வேண்டும். அதற்கு அப்புறம்தான் பெண் வீட்டார் இலையில் கைவைக்க வேண்டும். அந்தப் பக்கம் கடல் தாண்டிப் போன எங்கள் ஜனங்களும் இதை விட்டுவிடவில்லை, எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் இதே முறைதான். எனக்குத் தெரியாதது இல்லை. அன்னதானப் பழக்கத்தில் கை ஓடிவிட்டது, புத்தி பின்தங்கிவிட்டது.

நான் உள்வரிசையை எட்டுவதற்குள் வடை முடிந்திருந்தது. அங்கே மாப்பிள்ளையின் பெரியப்பா, கனத்த உடம்பும் வெள்ளை மீசையுமாக, உப்பு மட்டும் வைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த காலித் தட்டைப் பார்த்தார். எதிர்வரிசையில் பிரிஞ்சி பிசைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு நிதானமாக இலையை மடித்தார். சாப்பிடாத இலையை மடித்துவிட்டு எழுந்து நின்றார். அவரோடு அந்த வரிசையே எழுந்தது.

"இன்னா இது? தூரத்துலேர்ந்து பசியோட வந்து குந்திகினு கீறோம். பொண்ணு ஊட்டுக்காரங்க துன்றத நாங்க வேடிக்க பாக்கணுமா? வண்டிய எடுக்கச் சொல்லு."

பிசைந்துகொண்டிருந்த கைகள் இலையிலேயே நின்றன. கல்யாணங்கள் இதற்காக நின்றுபோன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டேன். அண்ணா ஓடி வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, கோச்சுக்காதீங்க. அது மலேசியா பொண்ணு. எங்க ஊட்டு மாடில குடி கீது. வெளிநாடு, அதுக்கு நம்ம முறையெல்லாம் தெரியாது."

"வெளிநாடா?" என்றார் பெரியப்பா. அவர் முகம் அந்த ஒரு வார்த்தையிலேயே இளகிவிட்டது. தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். அவருக்குக் கௌரவமாக இறங்கிவர ஒரு வழி கிடைத்துவிட்டது. ஆமாங்க என்று நானும் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும், நான் திரும்பிப் போய் வெள்ளைத் துணிச் சேரில் உட்கார்ந்துகொள்ளலாம். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.

அதற்குள் அக்கா வந்துவிட்டார். பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கணவரைப் பின்னால் தள்ளினார்.

"இன்னா வெளிநாடு? அது எங்க ஊட்டுப் பொண்ணு. ஒரு வருஷமா என் கூடதான் கீது, முறை தெரியாம இன்னா? எங்க ஊட்டுப் பொண்ணு பண்ண தப்பு எங்க தப்பு நைனா. நீங்கதான் மன்னிக்கணும்."

இரண்டு கைகளையும் கூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷமாக என்னிடம் வராத குரல் அது.

"ஏண்டி எரும, கண்ண எங்க வெச்சினு போற? மாப்ள ஊட்டுக்காரங்க இங்க உக்காந்துகினு கீறாங்க, நீ பாட்டுக்கு வாசல்லேர்ந்து வாரி வுட்டுகினு வர்ற. இத்தினி பேரு முன்னாடி எங்க மானத்த வாங்கறதுக்குத்தான் எழுந்து வந்தியா? மூஞ்சியப் பாத்துகினு நிக்காத. போ, புது எல எட்த்துனு வா. வட இல்லன்னா சமையல்காரர்கிட்ட நின்னு சுடச்சுட வாங்கினு வா."

அக்கா திட்டியதில் பாதி பெரியப்பாவின் காதுக்காக. அது எனக்குத் தெரியும். மிச்சப் பாதி எனக்கே எனக்குத்தான். அவர் நிஜமான கோபத்தில் இருந்தார், மூக்கு சிவந்திருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது, கண் கலங்கியது, அதே நேரத்தில் நெஞ்சு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. இதை எப்படிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்குப் பைத்தியம் என்றுதான் தோன்றும். வெளிநாடு என்ற ஒரு வார்த்தையில் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த கெட்ட பெயரைத் துடைத்துக்கொண்டிருக்கலாம் அக்கா. அதைச் செய்யவில்லை. எனக்காகக் கை கூப்பி நின்றார்.

"சரி போதும் வுடும்மா, சின்னப் பொண்ணு" என்றார் பெரியப்பா. அவர் உட்கார்ந்தார். அவரோடு வரிசையும் உட்கார்ந்தது.

புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்தேன். சமையல்காரர் எண்ணெயிலிருந்து எடுத்த வடையை அப்படியே வாங்கி வந்து அவருக்கு முதலில் வைத்தேன், அடுத்தவருக்கு வைத்தேன், அந்த வரிசையில் ஒருவரையும் விடவில்லை. சாம்பார் வாளியோடு திரும்பி வந்தபோது பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமெல்லாம் போய், வம்பு பேசுகிற முகமாக இருந்தது.

"மலேசியான்னு அந்தத் தம்பி சொல்லுச்சு. அந்தம்மா எங்க ஊட்டுப் பொண்ணுன்றாங்க. நீ எந்த ஊரும்மா, அத்த சொல்லு."

"அப்பா ஊருதாங்க மலேசியா. நான் செவ்வாப்பேட்டை" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாதத்தில் குழி பண்ணிக்கொண்டு, ஊற்று என்று கையைக் காட்டினார். பரிமாறுகிறவர்களின் வேன் அடுத்த பந்தி நடக்கும்போது வந்து சேர்ந்தது. நான் வாளியை அவர்களிடம் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் தாலி கட்டி முடிந்தது. பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பாவின் ஃபோன் வந்தது. மண்டபத்தின் பின்பக்கம், அண்டாக்களைக் கழுவுகிற இடத்தில் நின்று எடுத்தேன். கல்லூரிக்காரர்கள் காத்திருக்கிறார்கள், உறுதி சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

"வேணாம்ப்பா. அந்த இடத்தை வேற யாருக்காச்சும் கொடுத்துடச் சொல்லுங்க."

"என்னம்மா இது, வந்துடறேன்னு சொன்னியே. அங்க ஏதாச்சும் நடந்துச்சா?"

"நேத்து ஒரு தப்பு பண்ணிட்டேன்ப்பா. கல்யாண வீட்டுல அத்தனை பேர் முன்னாடி அக்கா திட்டிட்டாங்க. எருமைன்னுகூட சொன்னாங்க."

அப்பா பதறிப்போனார். "அப்புறம் ஏன்மா அங்கேயே இருக்கேங்கிற?"

"அதனாலதான்ப்பா."

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில், "மணி என்ன ஆகுது அங்க, சாப்பிட்டியா இல்லையா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா" என்றேன். "வந்தவங்க எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும். வீட்டு ஆளுங்க நாங்க கடைசிப் பந்தியிலதான் உட்காருவோம்."